நகையும் பெருமிதமும்: ‘போபோய்போய்’ தொடரும் நம் சிறுவரும்

ஒரு கலைப்படைப்பின் இயல்பை அறிய விரும்புவோர் படைப்பை மட்டும் நோக்கினால் போதாது; அதனைக் கண்டு நிற்போரின் முகத்தையும் நோக்குதல் வேண்டும். இவ்வுண்மையை நம் முன்னோர் நன்கு உணர்ந்திருந்தனர். தொல்காப்பியர் பொருளதிகாரத்தில் மெய்ப்பாட்டிற்கெனத் தனியோர் இயல் வகுத்துள்ளார். நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்னும் எட்டனையும் அவர் முறைப்படுத்தியதோடு நில்லாது, ஒவ்வொன்றும் எந்நான்கு நிலைக்களன்களில் தோன்றும் என்பதையும் காட்டிச் சென்றார். உரையாசிரியர்கள் அதனை விளக்குங்கால் நாடக அரங்கையும் அவையோரையும் சுட்டுவர். அவ்வரங்கு இன்று நம் இல்லங்களின் நடுக்கூடத்திற்கே வந்துவிட்டது. தொலைக்காட்சிப் பெட்டியின் முன் அமர்ந்திருக்கும் சிறுவர் கூட்டமே இன்றைய அவை. அவ்வவையின் மெய்ப்பாடுகளை ஆராய்வது தமிழாசிரியர்க்கு வேண்டாத வேலை அன்று என்னும் கருத்தினாலேயே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

கட்டுரைக்கு எடுத்துக்கொண்ட பொருள் சிலருக்கு வியப்பளிக்கலாம். சங்கப் பாடலும் காப்பியமும் புதினமும் இருக்க, சிறுவர் காணும் அசைவூட்டத் தொடர் ஒன்றைத் திறனாய்வுக்கு உரியதாகக் கொள்ளலாமா என்று வினவுவோர் இருப்பர். பத்து அகவைக்கு உட்பட்ட குழந்தையின் நெஞ்சில் முதலில் இடம்பெறும் வீரன், புத்தகத்திலிருந்து எழுந்து வருபவன் அல்லன், திரையிலிருந்தே வருகிறான். அவன் எப்படிப்பட்டவன், அவனருகில் நிற்கும் தமிழ்ச் சிறுவன் எப்படிப்பட்டவன் என்னும் வினாக்களைப் புறக்கணித்துவிட்டு இலக்கியம் கற்பிக்கப் புகுவது, நிலத்தின் தன்மை அறியாது விதை தூவுவதற்கு ஒப்பாகும்.

தொடரும் அதன் உலகமும்

2011ஆம் ஆண்டு மார்ச் 13ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை, டிவி3 அலைவரிசையில் ‘போபோய்போய்’ என்னும் மலாய்மொழி அசைவூட்டத் தொடரின் முதற்பகுதி ஒளியேறியது. அனிமொன்ஸ்தா நிறுவனம் உருவாக்கிய அத்தொடரை நிசாம் ரசாக் இயக்கினார். 2016 வரை மூன்று பருவங்களாக அது ஒளிபரப்பாயிற்று. 2016இலும் 2019இலும் திரைப்படங்களாகவும் விரிந்தது. மலேசிய மண்ணிலேயே பிறந்து, மலேசியச் சிறுவர்களையே வீரர்களாக்கி, பிறநாட்டார்க்கும் சென்று சேர்ந்த தொடர் என்ற வகையில் அதன் சிறப்பை யாரும் மறுத்தற்கில்லை.

கதை எளியது. போபோய்போய் என்னும் சிறுவன் பள்ளி விடுமுறையைக் கழிக்க ரிந்திஸ் தீவில் வாழும் தன் தாத்தாவிடம் வருகிறான். தாத்தா கோக்கோ பானம் விற்கும் கடை நடத்துகிறார். அந்தக் கோக்கோவைப் பேராற்றல் தரும் எரிபொருளாகக் கருதி, அடுடு என்னும் வேற்றுக்கோளத்தவன் பூமிக்கு வருகிறான். ஓச்சோபோட் என்னும் உருண்டை வடிவ இயந்திரத்தின் வாயிலாகச் சிறுவனுக்கு மின்னல், காற்று, மண் ஆகியவற்றை ஆளும் ஆற்றல் கிட்டுகிறது. அவனுக்கு யாயா, யிங், கோபால் என்னும் நண்பர் வாய்க்கின்றனர். யாயா மலாய்ச் சிறுமி. யிங் சீனச் சிறுமி. கோபால் இந்தியச் சிறுவன், பெயராலும் பேச்சாலும் நம்மவன். மக்கள் ‘சூப்பர் ஹீரோ’ என வழங்கும் மீயாற்றல் வீரர்களின் அணியில், நம் நாட்டின் மூவினத்தாரும் ஓரிடத்தில் நிறுத்தப்பெற்றனர்.

யாயாவிற்கு ஈர்ப்பு விசையை ஆளும் ஆற்றல். யிங்கிற்குக் காற்றினும் கடிய விரைவு. கோபாலுக்கு வாய்த்ததோ, எப்பொருளையும் உண்ணும் பொருளாக மாற்றும் ஆற்றல். உடல் பருத்தவன், உணவில் பெருவிருப்பினன், இடர் வந்தால் முதலில் அஞ்சுபவன், தாத்தாவின் கடையில் கடன் சொல்லிக் குடிப்பவன். “டேய்” என்று அவன் கூவும் ஒலியும் “ஐயோயோ” என்று அலறும் ஒலியும் நாடெங்கும் சிறுவர் வாயில் பரவின. இந்தக் கோபாலைக் கண்ட நம் சிறுவர் என்ன உற்றனர் என்பதே ஈண்டு ஆராயப்படும் பொருள்.

முதல் நாள் அவை

கிள்ளானில் என் இல்லத்தில் அன்று அண்டை வீட்டுச் சிறுவர் எழுவர் கூடியிருந்தனர். அனைவரும் தமிழ்ப்பள்ளி மாணாக்கர். இரு நாள்களுக்கு முன்னர்தான், மார்ச் 11ஆம் நாள், சப்பான் நாட்டைப் பெருநிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் தாக்கியிருந்தன. தொலைக்காட்சியைத் திறந்தபோதெல்லாம் வீடுகளும் ஊர்திகளும் நீரில் மிதந்து செல்லும் காட்சியையே அக்குழந்தைகள் கண்டிருந்தனர். அந்நிலையில், தம் அகவையினனாகிய ஒரு சிறுவன் உலகைக் காக்கப் புறப்படும் கதை அவர்களுக்கு எத்துணை ஆறுதலாக இருந்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

வேற்றுக்கோளத்தவனைக் கண்டபோது அவர்களிடம் மருட்கை தோன்றியது. புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்னும் நான்கும் மருட்கைக்கு நிலைக்களன்கள் என்பர். பச்சை நிறமும் பெட்டி போன்ற தலையும் உடைய அச்சிற்றுருவைக் கண்ட குழந்தைகள், புதுமையும் சிறுமையும் கண்டு வியந்தனர். ஆயின் அவர்கள் இருந்த இடத்திலிருந்து எழுந்து நின்றது வேறொன்றைக் கேட்டபோது. அந்த முதல் வாரங்களில் கோபாலின் பெயரும் அவனுடைய “டேய்” என்னும் விளியும் திரையிலிருந்து வந்தபோதெல்லாம் கூடத்தில் ஆரவாரம் எழுந்தது. எட்டு அகவை நிரம்பிய சிறுவன் ஒருவன், “டேய், இவன் நம்ம ஆளுடா!” என்று துள்ளிக் குதித்தான். அவனே அனைவரினும் உரக்கச் சிரித்தவன்.

அச்சிரிப்பில் இகழ்ச்சி இல்லை. திருவிழாக் கூட்டத்தில் வழி தவறிய குழந்தை திடுமெனத் தாயின் குரலைக் கேட்டாற்போன்ற களிப்பே இருந்தது. தேசிய மொழித் தொடர் ஒன்றில், வீரர் அணியிலேயே, தம் வீட்டில் வழங்கும் சொல் ஒன்று ஒலிக்கக் கேட்ட களிப்பு அது. இதனை உணராமல் கோபாலைக் குறைகூறப் புகுவோர் பாதி உண்மையை இழந்தவர் ஆவர்.

அடுத்த சில வாரங்களில் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்து அடுக்ககம் ஒன்றில் வாழும் உறவினர் இல்லத்தில் இத்தொடரைக் காண நேர்ந்தது. அங்கிருந்த பிள்ளைகள் தேசியப் பள்ளியில் பயில்வோர். பல இனத்தாரோடு ஒரே வகுப்பில் அமர்பவர். அவர்களும் சிரித்தனர். ஆயின் பத்து அகவைச் சிறுமி ஒருத்தி சிரிப்பை நிறுத்திவிட்டு, “எப்பப் பாத்தாலும் இவன் மட்டும் ஏன் பயந்துக்கிட்டே இருக்கான்?” என்று தன் தாயிடம் கேட்டாள். தாய் விடை கூறவில்லை. கிள்ளான் சிறுவன் கேளாத வினாவை அச்சிறுமி கேட்டதற்குக் காரணம் உண்டு. கிள்ளானில் எழுவரும் தமிழர். கோபாலைக் கண்டு நகைப்பது தமக்குள் நகைப்பதே. அவளுக்கோ மறுநாள் வகுப்பறை இருந்தது. அங்கே கோபாலைக் கண்டு சிரித்த பிறர் இருப்பர். அவர்கள் நடுவில் அவள் அமர வேண்டும்.

நகையின் நால்வகை

எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கினின்றும் நகை பிறக்கும் என்பது தொல்காப்பிய நெறி. கோபாலால் விளையும் நகையை இந்நான்கில் வைத்து ஆராய்வோம்.

இளமையால் விளையும் நகை, மழலையும் குறும்பும் கண்டு எழுவது. நண்பனோடு ஓடியாடும் கோபாலிடம் அது மிகுதியாக உண்டு. பேதைமை என்பது அறியாமை. மடன் என்பது பிறர் சொன்னதை அவ்வாறே நம்பிவிடும் எளிமை. இவ்விரண்டும் எல்லா நாட்டுக் குழந்தைக் கதைகளிலும் காணப்படுவனவே. இம்மூன்றினாலும் எழும் நகையில் குற்றம் காண்பதற்கில்லை.

எஞ்சியது எள்ளல். இதனைப் பேராசிரியர் தம் உரையில் இருவகையாகப் பிரித்துக் காட்டுவார். தான் பிறரை எள்ளி நகுவது ஒன்று. பிறரால் தான் எள்ளப்பட்டவிடத்துத் தானே நகுவது மற்றொன்று. உரை படிக்கும் மாணாக்கர் பலர் இரண்டாவதை ஒரு நுட்பம் எனக் கடந்து சென்றுவிடுவர். யானும் அவ்வாறே பல்லாண்டு கடந்து சென்றவன்தான். அதன் பொருளை எனக்கு விளக்கியது ஒரு நிகழ்ச்சி.

2011இல் “நம்ம ஆளுடா” என்று துள்ளிய அச்சிறுவன், 2016இல் ஓர் இடைநிலைப்பள்ளியில் முதலாம் படிவம் சேர்ந்தான். அவ்வாண்டின் நடுவில் ஒருநாள் என்னைக் காண வந்தான். பள்ளி எவ்வாறு உள்ளது என்று கேட்டேன். “ஐயா, அங்க எல்லாரும் என்னைக் கோபால்னுதான் கூப்பிடுறாங்க” என்றான். அவன் பெயர் கோபால் அன்று. உடல் சற்றுப் பருத்தவன், நிறத்தில் கறுத்தவன், அவ்வளவே. ஓய்வுவேளையில் அவன் உணவுத்தட்டை ஏந்திச் செல்லும்போது, தொடரில் கோபால் தன் ஆற்றலைப் பயன்படுத்தும்போது கூவும் சொற்களை உடன்பயில்வோர் கூவுவராம். அதனால் சில நாள்கள் உண்ணாமலேயே இருந்துவிடுவதாகவும் கூறினான். இவற்றையெல்லாம் அவன் சிரித்துக்கொண்டே கூறினான். பேராசிரியர் குறித்த இரண்டாவது நகை அதுதான் என்று அன்று உணர்ந்தேன்.

ஒரே பாத்திரம், ஒரே சிறுவன், ஐந்தாண்டு இடைவெளி. முதல் நகை தன்னைத் திரையில் கண்ட களிப்பு. இரண்டாவது நகை அத்திரை தன்மீது ஒட்டிக்கொண்ட துயர். பாத்திரம் மாறவில்லை, அவையே மாறிற்று. எனவே இத்தொடரைப் பற்றிய மதிப்பீடு அதனை இயற்றியோரின் நோக்கத்தோடு முடிந்துவிடுவதன்று. அது பள்ளிச் சிற்றுண்டிச்சாலை வரை தொடர வேண்டியதாகிறது.

மாயாவியும் கோபாலும்

இங்கு ஒரு வினா எழும். முந்தைய தலைமுறையினரும் மீயாற்றல் வீரர் கதைகளில் திளைத்தவர்தாமே. அவர்க்கு இவ்விடர் ஏன் நேரவில்லை?

1972ஆம் ஆண்டில் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வாயிலாக ‘இரும்புக்கை மாயாவி’ தமிழில் உலாவரத் தொடங்கினான். அவன் ஆங்கிலேயரின் படைப்பு. 1962இல் இங்கிலாந்துச் சிறுவர் இதழ் ஒன்றில் தோன்றியவன். மின்சாரம் பாய்ந்தவுடன் உடல் மறைந்து இரும்புக்கை மட்டும் புலப்படும் அவ்வீரனைத் தமிழ்ச் சிறுவர் தம் நெஞ்சில் வைத்துப் போற்றினர். அவன் பெயர் தமிழ்ப்பெயர் அன்று. முகம் தமிழ்முகம் அன்று. அவன் கதைகளில் தமிழர் எவரும் இல்லை. ஆயினும், அல்லது அதனாலேயே, எந்தத் தமிழ்ச் சிறுவனும் மாயாவியாக மாற முடிந்தது. விளையாட்டில் “நான்தான் மாயாவி” என்று முதலில் சொன்னவனுக்கே அப்பாத்திரம் உரியதாயிற்று.

2011க்குப் பின்னர் இந்நிலை மாறியது. போபோய்போய், யாயா, யிங், கோபால் என்று நால்வர் நிற்கும் விளையாட்டில் பல இனச் சிறுவர் கூடினால், தமிழ்ச் சிறுவனுக்குரிய பாத்திரம் அவன் வாய் திறக்கும் முன்னரே ஒதுக்கப்பட்டுவிடுகிறது. மின்னலை ஏவும் வீரனாக நடிக்க அவன் விரும்பலாம்; “நீ கோபால்” என்று பிறர் கூறிவிடுவர். திரையில் இடமே இல்லாதபோது எவ்விடத்திலும் தன்னை வைத்துக் கற்பனை செய்த குழந்தை, ஓர் இடம் கிடைத்தபின் அவ்விடத்திலேயே கட்டுண்டு போகிறது. நம்மவரைத் திரையில் காட்டினால் போதும் என்று மகிழ்வோர் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இந்நிலை நமக்கு மட்டும் உரியதன்று. ‘தி சிம்சன்ஸ்’ என்னும் அமெரிக்க அசைவூட்டத் தொடரில் 1990 முதல் அப்பு என்னும் இந்தியக் கடைக்காரர் தோன்றி வந்தார். அறிவும் உழைப்பும் உடையவராகவே அவர் படைக்கப்பட்டிருந்தார். எனினும் அவர் பேச்சின் ஒலிப்புமுறை அங்குள்ள இந்தியக் குழந்தைகளைப் பள்ளியில் துன்புறுத்தும் கருவியாயிற்று. நகைச்சுவைக் கலைஞர் ஹரி கொண்டபோலு 2017இல் இதனை ஓர் ஆவணப்படமாகவே வெளியிட்டார். அப்புவுக்குக் குரல் கொடுத்து வந்த ஹேங்க் அசாரியா, இனி அப்பாத்திரத்துக்குக் குரல் தரப்போவதில்லை என 2020இல் அறிவித்தார். தொடக்கத்தில் நகைத்தோர் அனைவரும் தீயர் அல்லர். அந்த நகை யார்மீது சென்று விழுந்தது என்பதை உணர்வதற்கே முப்பது ஆண்டுகள் ஆயின.

மாறாக, சிறுபான்மையினத்துச் சிறுமியே தலைமை வீரராக அமைந்த தொடரும் உண்டு. 2022ஆம் ஆண்டு ஜூன் 8ஆம் நாள் முதற்பகுதி வெளிவந்த ‘மிஸ் மார்வெல்’ தொடரில், பாகிஸ்தானியக் குடும்பத்தில் பிறந்த கமலா கான் என்னும் அமெரிக்க மாணவி மீயாற்றல் பெறுகிறாள். அவள் வீட்டின் உணவும் உடையும் வழிபாடும் நகைப்பொருளாகாமல் அவள் வாழ்வின் பகுதியாகவே அமைந்தன. அத்தொடர் வெளிவந்த நாள்களிலேயே, அதன் கலைத்தரத்தை எண்ணாமல் மிகக் குறைந்த மதிப்பெண்களைக் குவித்தோரும் இருந்தனர். பக்கத்தில் நின்று நகைப்பூட்டும் வரை ஏற்றுக்கொள்ளப்படும் முகம், நடுவில் வந்து நின்றவுடன் சிலர்க்கு உறுத்துகிறது என்பதற்கு இது சான்றாகும்.

கோபாலின் சார்பில் சில சொற்கள்

நடுவுநிலை பிறழாத திறனாய்வாளர் மறுபக்கத்தையும் கூறல் வேண்டும். கோபால் தீயவன் அல்லன். அஞ்சியும் நண்பனை விட்டு நீங்காதவன். அஞ்சாதவன் உடன் நிற்பதில் பெரிய வியப்பில்லை. அஞ்சுபவன் உடன் நிற்பதே நட்புக்கு அழகு. நால்வருள் சிறுவர் மிக விரைந்து விரும்பும் பாத்திரமும் அவனே. இனம் கடந்த நட்பைக் குழந்தைகட்கு இயல்பாக ஊட்டியமைக்காக இத்தொடரைப் படைத்தோர் பாராட்டுக்குரியர்.

நகைப்பூட்டுவோனை இழிந்தவனாகக் கருதும் மரபும் நம்முடையது அன்று. தெருக்கூத்தில் கட்டியங்காரன் வகிக்கும் இடத்தை நாம் அறிவோம். அரசனாக வேடம் புனைந்தவனை அவையின் நடுவிலேயே கேலி செய்யும் உரிமை அவனுக்கு உண்டு. கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் நகைச்சுவையின் வாயிலாகவே மூடநம்பிக்கைகளைச் சாடினார். ஆயின் இவர்கட்கும் கோபாலுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. கட்டியங்காரன் அரசனைக் கண்டு நகைக்கச் செய்கிறான். கலைவாணர் சமூகத்தைக் கண்டு நகைக்கச் செய்தார். கோபாலோ பெரும்பாலும் தன்னைக் கண்டே நகைக்கச் செய்கிறான். நகையின் அம்பு பிறரை நோக்கிச் செல்லாமல் எய்தவனையே வந்து தைக்கிறது.

அமுதசுரபியும் கோபாலின் ஆற்றலும்

கல்வி, தறுகண், இசைமை, கொடை என்னும் நான்கினின்றும் பெருமிதம் பிறக்கும் என்பது மெய்ப்பாட்டியல் காட்டும் நெறி. உலகெங்கும் வரும் மீயாற்றல் வீரர் கதைகள் இந்நான்கில் தறுகண் என்னும் அஞ்சாமை ஒன்றையே பெரிதும் பற்றி நிற்கின்றன. மின்னலை ஏவுதலும் மலையைத் தூக்குதலும் பகைவனை வீழ்த்துதலுமே அங்கு வீரம். தமிழ் மரபோ கொடையையும் அதற்கிணையாக வைத்துப் போற்றுகிறது.

இந்நோக்கில் கோபாலின் ஆற்றலை மீண்டும் எண்ணிப் பாருங்கள். எப்பொருளையும் உணவாக மாற்றும் ஆற்றல் அது. பகைவன் ஏந்திவரும் படைக்கருவியையும் அவன் தின்பண்டமாக மாற்றிவிடுகிறான். படைத்தோர் இதனை நகைப்புக்காக அமைத்தனர். தின்பதையே நினைப்பவனுக்குத் தின்பதற்கான ஆற்றல் என்பதே அவர்தம் கணக்கு. ஆயின் தமிழ்க் காப்பிய மரபில் மிகப்பெரிய அற்புதம் யாது? சீத்தலைச் சாத்தனார் மணிமேகலையின் கையில் வாளைத் தரவில்லை. வற்றாது உணவு சுரக்கும் அமுதசுரபியைத் தந்தார். மணிபல்லவம் என்னும் தீவில், கோமுகிப் பொய்கையில், தீவதிலகையின் வழிகாட்டலால் அவள் அப்பாத்திரத்தைப் பெற்றாள். ஆதிரை முதற்பிச்சை இட்டாள். யானைத்தீ என்னும் தீராப் பசியால் வருந்திய காயசண்டிகையின் நோய் அதனால் நீங்கியது. சிறைப்பட்டோர்க்கும் உணவு கிடைத்தது, சிறைக்கோட்டமே அறக்கோட்டமாயிற்று.

சிறை அறச்சாலையாவதும் படைக்கருவி உணவாவதும் ஒரே கற்பனையின் இரு கிளைகள் அல்லவா? ரிந்திஸ் தீவின் கோபால் தன்னை அறியாமலேயே மணிபல்லவத் தீவின் மரபைச் சுமந்து நிற்கிறான் என்று கூறினால் அது மிகையாகாது. இது தொடரை இயற்றியோர் எண்ணியதன்று என்பதை யான் அறிவேன். படைத்தவன் எண்ணாததைக் காண்பதும் கண்டதைக் கற்போர்க்குக் காட்டுவதும் திறனாய்வின் பணியே.

ஓய்வுவேளையில் உண்ணாமல் இருந்த அச்சிறுவனுக்கு இக்கதையைக் கூறினேன். பொறுமையாகக் கேட்டான். இறுதியில், “அந்தப் பாத்திரத்துல இருந்து அவங்க மட்டும் தனியா எடுத்துச் சாப்பிட்டிருக்கலாமே, ஐயா?” என்று வினவினான். பசியை அறிந்தவன் கேட்கும் வினா அது.

அவ்வினாவுக்குக் காப்பியத்திலேயே விடை உண்டு. மணிமேகலைக்கு முன்னர் அமுதசுரபியை வைத்திருந்தவன் ஆபுத்திரன். நாட்டில் மழை பொழிந்து வளம் பெருகி, உணவு கேட்டு வருவோர் அற்றுப்போயினர். பசித்தோரைத் தேடிச் சாவக நாட்டிற்குக் கப்பலேறினான். வழியில் மணிபல்லவத்தில் இறங்கியவனை விட்டுவிட்டுக் கப்பல் போய்விட்டது. ஆளில்லாத் தீவில் அவனும் அப்பாத்திரமும் மட்டுமே எஞ்சினர். உலகத்து உயிர்களையெல்லாம் காக்கவல்ல பாத்திரத்தைத் தன்னுயிர் ஒன்றைக் காக்கப் பயன்படுத்த அவன் உடன்படவில்லை. அதனைப் பொய்கையில் விட்டுவிட்டு உண்ணாநோன்பு பூண்டு உயிர்நீத்தான். மறுபிறப்பில் அவன் சாவக நாட்டின் அரசனானான் என்று காப்பியம் கூறும். சாவகம் நம் மலாய்த் தீவுக்கூட்டத்தைச் சார்ந்த சாவா எனக் கருதப்படுவதும் இங்கு நினைக்கத்தக்கது.

கோபாலுக்கும் ஆபுத்திரனுக்கும் உள்ள இடைவெளி இங்குதான் புலனாகிறது. ஆற்றல் ஒன்றே, பயன்படும் இடமே வேறு. தான் உண்ண உணவு படைப்பவன் நகைக்கு உரியவனாகிறான். பிறர் உண்ணப் படைப்பவன் பெருமிதத்துக்கு உரியவனாகிறான். கோபாலிடம் நாம் காணும் குறை அவன் உணவை விரும்புவது அன்று. அவனுடைய ஆற்றலுக்கு ஒரு பசித்தவனைக் காட்ட அவனைப் படைத்தோர் பெரிதும் எண்ணாமையே.

நம் வாழ்விலும் இதற்குச் சான்று உண்டு. மலேசியாவில் பிற இனத்தார் நம்மை முதலில் அறிவது உணவின் வாயிலாகவே. பிரிக்பீல்ட்சிலும் கிள்ளான் தெங்கு கெலானா சாலையிலும் வாழையிலையின் முன் எல்லா இனத்தாரும் அமர்ந்து உண்கின்றனர். அது வாணிகம். தைப்பூசத்தன்று பத்துமலையில் தண்ணீர்ப் பந்தல் அமைத்து, இனமும் பெயரும் கேளாமல் வருவோர்க்கெல்லாம் நீரும் உணவும் வழங்குகின்றனரே, அது அறம். நம் குழந்தைகள் அப்பந்தலில் நின்று நீர்மோர் ஊற்றிக் கொடுத்தவர்கள்தாம். ‘சாப்பாட்டு ராமன்’ என்று தம்மை எள்ளுவோர்க்கு எதிரே, ‘நாங்கள் ஊட்டுவோர்’ என்று நிமிர்ந்து நிற்க அவர்கட்கு உரிமை உண்டு. அவ்வுரிமையை அவர்கட்கு உணர்த்துவோர் இல்லை என்பதே குறை.

ஆசிரியரும் எழுத்தாளரும் செய்யத்தக்கன

இத்தொடரைக் காண வேண்டா என்று தடுப்பதால் பயனில்லை. தடுக்கப்பட்ட கதையும் பள்ளி வளாகத்தில் உலவத்தான் செய்யும். கோபாலைக் கண்டு நகைக்கும் குழந்தையைக் கடிந்துகொள்வதும் தவறு. அது அக்குழந்தையின் முதற்களிப்பையே குற்றமாக்கிவிடும். ஆசிரியர் செய்யத்தக்கது, அந்த நகையை வகுப்பறைக்குள் கொண்டுவந்து ஆராயச் செய்வதே. யாரைக் கண்டு சிரித்தோம், ஏன் சிரித்தோம், நம்மைச் சுற்றிப் பிறர் இருந்தாலும் அவ்வாறே சிரிப்போமா என்னும் மூன்று வினாக்கள் போதும். நகையின் நான்கு நிலைக்களன்களையும் ஏட்டில் உள்ளவாறு ஒப்புவிக்கச் செய்வதைவிட, ஒரு தொடரின் ஒரு காட்சியை அவற்றில் வைத்து நோக்கச் செய்தால், மாணாக்கர்க்கு மெய்ப்பாட்டியல் என்றும் மறவாது. மணிமேகலையைக் கற்பிக்கும் ஆசிரியர் பாடத்தைக் கோபாலிலிருந்தே தொடங்கலாம். அறிந்ததிலிருந்து அறியாததற்குச் செல்வதே கற்பித்தலின் நன்னெறி.

எழுத்தாளர்க்கு உரிய கடனும் ஒன்று உண்டு. நம் சிறுவர் இலக்கியத்தில் இந்நாட்டுத் தமிழ்ச் சிறுவனும் சிறுமியும் தலைமை ஏற்று நிற்கும் கதைகள் பெருக வேண்டும். கிள்ளானின் சந்துகளிலும் பிரிக்பீல்ட்சின் அடுக்ககங்களிலும் வாழும் குழந்தை, தன் முகத்தை நடுவில் கண்டு மகிழும் கதைகள் வேண்டும். பிறர் நமக்கு ஒதுக்கிய பாத்திரம் சிறிது என்று வருந்துவதற்கு முன், நாம் நம் குழந்தைக்கு எப்பாத்திரத்தை எழுதித் தந்தோம் என்று நம்மையே வினவிக்கொள்ளல் தகும். இக்கட்டுரையாளனும் அவ்வினாவுக்கு விடை கூறக் கடமைப்பட்டவனே. யானும் இதுவரை ஒரு சிறுவர் கதை எழுதியவன் அல்லன்.

அச்சிறுவன் இன்று பள்ளிப்பருவம் கடந்துவிட்டான். ஆண்டுதோறும் தைப்பூசத்தன்று பத்துமலைப் பந்தல் ஒன்றில் நண்பர்களோடு உணவு வழங்கி வருகிறான். யான் கூறிய கதையால்தான் என்று சொல்வதற்கில்லை. அவன் பெற்றோரும் அப்பணி செய்தவரே. சென்ற முறை அவனைக் கண்டபோது, பந்தலின் முன் நீண்ட வரிசை நின்றது. உடன் நின்ற நண்பன் ஒருவன், “கோபால், இன்னும் சோறு வருமா?” என்று உரக்கக் கேட்டான். “வரும் வரும், எல்லாருக்கும் உண்டு” என்று விடையிறுத்துவிட்டு அவன் அடுத்த தட்டை நிரப்பினான். அப்போதும் அவன் சிரித்தான். அந்த நகை நால்வகையுள் எதனைச் சார்ந்தது, அல்லது அது நகைதானா, பெருமிதமா என்பதை மாணாக்கரே ஆராய்ந்து கூறுவாராக.